வெளிநாட்டில் முதல் முறை கால் மசாஜ்: ஊரில் கிளம்புவதற்கு முன்பிருந்து மறுநாள் காலை வரை

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்துக் குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்து பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று அழைத்துப் போய் வருவது என் வேலை. நாள் முழுக்க சுற்றிவிட்டு ஓட்டலுக்குத் திரும்பும்போது யாராவது ஒருவர் கட்டாயம் வந்து, "அண்ணா, இங்க கால் மசாஜ் நல்லா இருக்குமாமே, போலாமா?" என்று கேட்பார். தாராளமாகப் போகலாம். உடம்பு அசந்து கிடக்கும் சாயங்காலத்தில் இதைப் போல ஆறுதலான விஷயம் கிடையாது, அதுவும் நம் பெரியவர்களுக்கு.

ஆனால் முதல் முறை போகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. முழங்காலுக்கு மேல் ஏறாத ஜீன்ஸ், கழற்ற வராத மெட்டி, சர்க்கரை இருப்பதைச் சொல்லாமல் சுடுதண்ணீரில் கால் வைப்பது, வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மணி நேரம் பல்லைக் கடித்து உட்கார்ந்திருப்பது. இவற்றில் பாதியை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம், மீதியை நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். அதற்குப் பிறகு சரிசெய்ய அநேகமாக ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் வரிசை மாறாமல் படியுங்கள்.

1. போகக் கூடாதவர்கள் யார் என்பதை முதலில் பாருங்கள்

கடை வாசலில் நிற்கும்போது யோசிக்கிற விஷயம் இல்லை இது. டிக்கெட் போட்டவுடன் யோசித்துவிடுங்கள், ஏனென்றால் சிலவற்றுக்கு உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும்.

பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, பாதம் மரத்துப் போகிறது, இரவில் எரிகிறது, பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது, செருப்பு கழன்று போனதே தெரியாமல் இரண்டு அடி நடந்துவிடுகிறீர்கள் என்றால் கால் மசாஜ் உங்களுக்கு வேண்டாம். தண்ணீர் எவ்வளவு சூடு என்பது அந்தக் காலுக்குத் தெரியாது, மரக்குச்சியால் அழுத்துவது அளவு மீறிப் போனாலும் தெரியாது, மறுநாள் கொப்புளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் தெரியும். சர்க்கரை உள்ள காலில் சின்னப் புண்கூட ஆற நாளாகும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று எடுத்துக்காட்டியதே இங்கேதான். மரத்துப்போன பாதத்துக்காகச் செய்கிற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைச் சர்க்கரைக்காரர்களும் போட்டுக்கொண்டு நடப்பதை நம் தெருவிலேயே பார்க்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது அந்தச் செருப்பு போடுகிறவர் என்றால், அவர் குழுவோடு கடைக்கு வந்து உட்காரட்டும், தோள் மட்டும் பிடித்துவிடச் சொல்லலாம், காலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

சர்க்கரை இருக்கிறது, ஆனால் மரத்துப் போகவில்லை என்று நினைக்கிறவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் போய்ப் பாதத்தை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிட வேலைதான். தெரிகிறது என்று வந்தால், சூடில்லாத தண்ணீர், மெல்லிய அழுத்தம், மரக்குச்சி கிடையாது என்ற மூன்று நிபந்தனையோடு போகலாமா என்று அங்கேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ரத்தக் கட்டி. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைய வாய்ப்பு கூடுகிறது. பாங்காக் விமானம் அவ்வளவு நேரம் இல்லையே என்று சொல்வார்கள். விமான நேரத்தை மட்டும் எண்ணக் கூடாது. வேலூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர இரண்டரை, மூன்று மணி நேரம் காரில் மடக்கிய கால், அப்புறம் விமான நிலைய நாற்காலி, அப்புறம் விமானம், அப்புறம் அங்கே இறங்கி ஓட்டலுக்கு வேன். எல்லாம் சேர்ந்து அரை நாள் ஆகிவிடுகிறது. இரண்டு பாதமும் ஒரே அளவு வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் உட்கார்ந்ததால் வந்த வீக்கம், நடந்தால் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சதை வலித்து, தொட்டால் சூடாகவோ சிவந்தோ இருந்தால் அதைப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள் அல்லது ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் எல்லோரும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அது ஆறும் வரை பொறுங்கள், உங்களுக்காகவும் உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்காகவும்.

2. ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

நகம்: கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். கிளம்புகிற அன்று வெட்டினால் ஓரத்தில் தோல் கீறி நிற்கும், அதில் தைலம் பட்டால் எரியும், தண்ணீர் வழியாகத் தொற்றும் வரலாம்.

பித்தவெடிப்பு: நம் வெயிலுக்கும் சிமெண்ட் தரைக்கும் குதிகால் வெடிக்காதவர்கள் குறைவு. லேசான வெடிப்பு என்றால் கவலையில்லை. ஆழமாகப் பிளந்து ரத்தம் கசிகிற அளவில் இருந்தால், இரண்டு வாரம் முன்பிருந்தே தினம் ராத்திரி காலைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவி, காட்டன் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். கடையில் போய் குதிகாலைச் சுரண்டிவிடச் சொல்வது தனி வேலை, அதை மசாஜோடு ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். சுரண்டிய இளம் தோலில் உடனே எண்ணெயும் அழுத்தமும் பட்டால் எரிச்சல் தாங்காது. அதே போல, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் வெறுங்காலில் நடந்துவிட்டு அந்த வாரமே விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதத்தில் கொப்புளம் இருந்தால் அது உலர்ந்து தோல் மூடும் வரை மசாஜ் வேண்டாம்.

மெட்டி, கொலுசு: பெண்களுக்கு இது முக்கியம். இரண்டாம் விரலை இழுத்து நீவும்போது மெட்டி விரலைக் கடிக்கும், பக்கத்து விரலையும் கீறும். ஆனால் கல்யாணமானதிலிருந்து கழற்றாத மெட்டி அங்கே போய் ஒரு நிமிடத்தில் வராது. குடியாத்தத்து அம்மா ஒருவர் பாங்காக் கடையில் நாற்காலியில் சாய்ந்த பிறகு மெட்டியைத் திருகித் திருகி, விரல் வீங்கிச் சிவந்துபோய், அந்தக் காலை மட்டும் மசாஜ் செய்யாமல் விட்டுவிட்டார்கள். வீட்டிலேயே சோப்பு நுரை போட்டு மெல்லத் திருகிப் பாருங்கள். வரவில்லை என்றால், மெட்டிக்கு முன்பக்கமாக விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, நூலின் அடி நுனியை மெட்டிக்குள் விட்டு இழுத்தபடி பிரித்தால் நூலோடு மெட்டியும் நகர்ந்து வரும். அதிலும் வரவில்லை என்றால் நகைக் கடையில் கொடுத்து அளவைத் தளர்த்திப் போடச் சொல்லுங்கள். கழற்ற மனம் இல்லாதவர்கள் அந்த விரலைத் தொட வேண்டாம் என்று சைகையில் காட்டினால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உடை: முழங்கால் வரை சுருட்டினால் நிற்கிற தளர்வான பேன்ட், பாவாடை, சல்வார் எதுவும் சரி. டைட்டான ஜீன்ஸும் கணுக்காலில் இறுக்கும் லெக்கிங்ஸும் வேண்டாம், ஏனென்றால் கால் மசாஜ் என்பது பாதத்தோடு நிற்காது, கெண்டைக்கால் வழியாக முழங்கால் வரை வரும். பல கடைகளில் மாற்றிக்கொள்ள அரைக்கால் சட்டை கொடுப்பார்கள், நம் பெரியவர்கள் அதைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுவார்கள். புடவை கட்டுகிறவர்கள் அன்று சாயங்காலத்துக்கு மட்டும் ஒரு நைட்டியும் துப்பட்டாவும் அல்லது சுடிதாரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஷூ வேண்டாம், செருப்பு போட்டுப் போங்கள். எண்ணெய்க் காலோடு சாக்ஸ் மாட்டுவது பெரும்பாடு.

கையில் வைத்திருக்க: சின்ன நோட்டுகள், ஒரு கைக்குட்டை, தண்ணீர் பாட்டில். போதும்.

3. எந்த நாள், எந்த நேரம்

வந்து இறங்கிய அன்றே வேண்டாம். முதல் நாள் நடந்து, தண்ணீர் குடித்து, தூங்கி எழுந்து, வீக்கம் வடிகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாம் நாள் சாயங்காலம் போங்கள். மேலே சொன்ன ஒற்றைக்கால் வீக்கம் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் சாய்ந்து படுத்தால் நெஞ்சு கரிக்கும், ஒரு மணி நேரம் கழியட்டும். ஒரேயடியாகப் பட்டினியாகவும் போகாதீர்கள், எழுந்திருக்கும்போது கண் இருட்டும். குடித்துவிட்டுப் போகக் கூடாது, வலி எந்த அளவில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். மசாஜ் முடிந்து நேராக ஓட்டலுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கோயில் படி ஏறுவதோ கடைத்தெரு சுற்றுவதோ இருந்தால் எண்ணெய்ப் பாதம் செருப்பில் வழுக்கும்.

4. கடையைத் தேர்ந்தெடுப்பது

கால் மசாஜ் மறைவில் செய்கிற வேலை கிடையாது. நல்ல கடையில் தெருவிலிருந்து பார்த்தாலே கண்ணாடி வழியாகச் சாய்வு நாற்காலிகள் வரிசையாகத் தெரியும், குடும்பமாக, வயதானவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். வாசலிலேயே நேரமும் விலையும் எழுதிய பலகை இருக்கும். இருட்டு, திரை, மாடிப்படி, வாசலில் கையைப் பிடித்து இழுக்கிற ஆள், ஆண்களை மட்டும் பார்த்துச் சிரிக்கிற கூட்டம், இவை இருந்தால் பேசாமல் அடுத்த கடைக்கு நடங்கள். பாங்காக் சுகும்வித்திலும் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கிலும் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதனால் தெரு நல்ல தெருவா என்று பார்ப்பதில் பயனில்லை, கடையைப் பாருங்கள்.

உரிமம் மாட்டியிருக்கிறதா பாருங்கள். தாய்லாந்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட கடைகளுக்குச் சுகாதாரத் துறை அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் போலீஸ்தான் உரிமம் தருகிறது. நல்ல கடைக்காரர்கள் இதைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுவார்கள்.

ஐந்து நிமிடம் நின்று சுத்தத்தைக் கவனியுங்கள். ஒருவர் எழுந்து போன பிறகு தொட்டியைக் கழுவுகிறார்களா, பிளாஸ்டிக் உறை மாற்றுகிறார்களா, துண்டு புதிதாக வருகிறதா, மசாஜ் செய்கிறவர் கை கழுவுகிறாரா. இவை சரியாக இருந்தால் கடை சின்னதாக இருந்தாலும் போகலாம், இவை இல்லையென்றால் ஏசி எவ்வளவு குளிர்ந்தாலும் வேண்டாம்.

பல ஊர்களில் பக்கத்திலேயே மீன் தொட்டி இருக்கும். காலை உள்ளே விட்டால் மீன்கள் செத்த தோலைக் கொத்தும். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். என் கருத்து, வேண்டாம். எல்லாருடைய காலும் ஒரே தண்ணீரில், ஒரே மீன்களிடம். மீன்கள் உள்ளே இருக்கும்போது அந்தத் தண்ணீரில் கிருமிநாசினி போடவும் முடியாது. சர்க்கரைக்காரர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது.

5. கவுண்டரில் கேட்க வேண்டியவை

பலகையில் விரல் வைத்துக் கேளுங்கள்: இந்த விலை எத்தனை நிமிடத்துக்கு, கால் ஊற வைக்கிற நேரம் இதில் சேர்த்தியா, கடைசியில் தோள் பிடிப்பது சேர்த்தியா, பணம் முன்னாலா பின்னாலா. ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை, போனில் கால்குலேட்டரில் தொகையை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பேசிய தொகை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பின்னால் தகராறு வராது.

பாங்காக்கில் சாதாரணக் கடையில் ஒரு மணி நேரத்துக்கு 250 முதல் 400 பாட் வரை இருக்கும், பெரிய ஓட்டலிலும் மாலிலும் அதைவிட நன்றாகவே கூடும். சிங்கப்பூரில் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கத்தில் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் அங்கே எல்லாமே விலை அதிகம்.

எத்தனை நேரம் என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இரண்டு மணி நேரப் பேக்கேஜ் மலிவாக வருகிறதே என்று எடுத்துவிடுவார்கள். பழகாத காலுக்கு அது அதிகம். தாய்லாந்து முறை எண்ணெயோ தைலமோ தடவி நீவுவதில் ஆரம்பிக்கிறது, அதற்கு முதல் முறை ஒரு மணி நேரம் சரியாக இருக்கும். சீன முறை, அதாவது சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், குவாங்சோ எல்லாம், விரல் முட்டியால் உள்ளங்காலில் குறிப்பிட்ட இடங்களை ஆழமாக அழுத்துவது. அதற்கு முதல் முறை 30, 40 நிமிடம் போதும். ஷூ கம்பெனி வேலையாகச் சீனா போகிற ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் தொழிற்சாலை தொழிற்சாலையாக நாள் முழுக்க நின்றுவிட்டு ராத்திரி நேராகப் போய் உட்காருவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, மரத்தொட்டியில் மூலிகைத் தண்ணீரில் ஊறுகிற நேரத்தைக் கூட்டிக் கேளுங்கள், அழுத்துகிற நேரத்தைக் குறையுங்கள். களைத்த சதைக்கு முதலில் வேண்டியது வெதுவெதுப்பு.

6. கால் கழுவுகிற இடம்

உட்காருவதற்கு முன் கழிப்பறை போய் வந்துவிடுங்கள். நடுவில் எண்ணெய்க் காலோடு எழுந்து நடப்பது ஆபத்து, தரை வழுக்கும்.

பையையும் பாஸ்போர்ட்டையும் நாற்காலிக்குப் பின்னால் வைக்காதீர்கள், மடியில் இருக்கட்டும், அல்லது கூட வந்தவர்களில் ஒருவர் மசாஜ் செய்யாமல் வைத்துக்கொண்டு உட்காரட்டும். சாய்ந்தால் பத்து நிமிடத்தில் தூக்கம் வரும்.

தண்ணீர்த் தொட்டி வந்தவுடன் காலை விடாதீர்கள். முதலில் கையை, முடிந்தால் முழங்கையை விட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நடந்து காய்ந்த பாதத்துக்குச் சூடு சட்டென்று உறைக்காது, கைக்கு உறைக்கும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு இருந்தால் போதும்.

இங்கே ஒரு விஷயம். நம் ஆட்களுக்கு அடுத்தவர் நம் காலைத் தொடுவதே சங்கடம், அதிலும் தன்னைவிட வயதில் பெரிய ஒரு அம்மா முன்னால் குனிந்து உட்கார்ந்து காலைக் கழுவும்போது காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "ஐயோ வேணாம்மா, நானே கழுவிக்கிறேன்" என்று தமிழில் சொல்லி, அந்த அம்மா புரியாமல் விழிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவருக்கு அது தொழில். கழுவுகிற சாக்கில்தான் அவர் பாதத்தில் வெட்டுக்காயம், புண், வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். அதைத் தடுத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். தாய்லாந்தில் ஆரம்பிக்கும் முன் கை குவித்து வணங்குவார்கள். நீங்களும் கை குவித்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் காலை நீட்டுங்கள், சங்கடம் பாதி போய்விடும்.

கடைக்குள் சாமி மாடம் இருக்கும். அதைப் பார்த்துக் காலை நீட்டாதீர்கள், நம் வீட்டில் பூஜை அறைக்கு நேராக நீட்ட மாட்டோமே, அங்கேயும் அதேதான். நாற்காலி அப்படி அமைந்திருந்தால் வேறு நாற்காலி கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

7. முதல் ஐந்து நிமிடம்

இதுதான் முழு மசாஜையும் தீர்மானிக்கிற இடம். மசாஜ் செய்கிறவர் முதல் சில நிமிடத்தில் எவ்வளவு அழுத்தினால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அளந்து பார்க்கிறார். நீங்கள் பேசாமல் இருந்தால் அந்த அளவு சரி என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரமும் அதே வேகத்தில் போவார். நம் ஆட்கள், குறிப்பாக ஆண்கள், நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வார்கள். கேட்டால் "வலிச்சாதானே குணமாகும்" என்பார்கள். தசை பயந்து இறுகிவிட்டால் எவ்வளவு அழுத்தியும் தளராது, நாளைக்கு வலி மட்டும்தான் மிஞ்சும்.

சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தாய்லாந்தில் மெல்ல என்பதற்கு "பாவ் பாவ்", வலிக்கிறது என்பதற்கு "ஜெப்". மலேசியாவில் மெல்ல "பெர்லஹான்", வலி "சாக்கிட்". சீனர்களிடம் கொஞ்சம் மெல்ல "சிங் இ தியேன்", வலி "தெங்". உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அசைத்துக் காட்டினால் எந்த நாட்டிலும் புரியும்.

எது பொறுக்க வேண்டிய வலி, எது நிறுத்தச் சொல்ல வேண்டிய வலி என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கால் வளைவிலும், பெருவிரல் அடிச் சதையிலும், குதிகால் உள் ஓரத்திலும் அழுத்தும்போது ஒரு கனத்த வலி வரும், மூச்சை நீளமாக விட்டால் இரண்டு மூன்று மூச்சில் இளகிவிடும். அது சரி. ஊசி குத்துவது போலவோ மின்சாரம் பாய்வது போலவோ சுருக்கென்று வந்தாலும், விரல் மரத்தாலும், கை எடுத்த பிறகும் வலி அப்படியே நின்றாலும் உடனே காலை மெதுவாக இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். முழங்காலுக்குப் பின்பக்கக் குழியிலும், கணைக்கால் முன் எலும்பின் மேலும், கணுக்கால் முட்டியின் மேலும் அழுத்தவே கூடாது, அங்கே எலும்பும் நரம்பும் ரத்தக்குழாயும் தோலுக்கு அருகில் இருக்கின்றன.

கூச்சம் தாங்காமல் சிரித்துக் காலை உதறுகிறவர்களுக்கு: விரல் நுனியால் தொட்டால்தான் கூசும். உள்ளங்கை முழுவதும் படும்படி கொஞ்சம் அழுத்தியே செய்யச் சொல்லுங்கள், கூச்சம் அடங்கிவிடும்.

8. நடுவில் வருபவை

தாய்லாந்தில் பாதி நேரத்துக்குப் பிறகு ஒரு சின்ன மரக்குச்சி வெளியே வரும், அதன் மழுங்கிய நுனியால் உள்ளங்காலில் புள்ளி புள்ளியாக அழுத்துவார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை, ஒரு காலில் மட்டும் சில அழுத்தம் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் கையால் போதும் என்று காட்டுங்கள். அறுபது தாண்டியவர்களுக்குத் தோல் மெலிந்திருக்கும், குச்சி வேண்டவே வேண்டாம்.

சீன முறைக் கடைகளில் சுவரில் பாதத்தின் படம் மாட்டி, இந்த இடம் சிறுநீரகம், இந்த இடம் ஈரல், இது தூக்கம் என்று எழுதியிருப்பார்கள். ஒரு இடத்தில் அழுத்தி நீங்கள் முகம் சுளித்தால் "இங்கே உங்களுக்குக் கோளாறு" என்று சொல்லி, போகும்போது மூலிகைப் பொட்டலம் எடுத்து வைப்பார்கள். உள்ளங்காலைத் தொட்டு உள்ளுறுப்பின் நோயைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. நாள் முழுக்க நடந்த யாருக்கும் அந்த இடங்கள் வலிக்கும். பயந்துபோய் வாங்காதீர்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் தோள், கழுத்து, தலை பிடித்துவிடுவார்கள். நன்றாக இருக்கும். ஆனால் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி முறிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ஊர் சலூனில் பழகியதால் பலர் தாங்களாகவே தலையைக் கொடுத்துவிடுகிறார்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அந்தத் திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. ஊரிலும் கொடுக்காதீர்கள்.

9. முடிந்தவுடன்

உடனே எழுந்து நிற்காதீர்கள். சாய்ந்திருந்து எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு எழுந்திருங்கள். அதற்குள் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் துண்டால் நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள்.

டிப்ஸ் நாட்டுக்கு நாடு மாறும். தாய்லாந்தில் ஒரு மணி நேரத்துக்கு 50 முதல் 100 பாட் கொடுப்பது வழக்கம். அங்கே பல கடைகளில் மசாஜ் செய்கிறவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பங்குதான் கிடைக்கும், மாதச் சம்பளம் என்று பெரிதாக இராது, அதனால் கவுண்டரில் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். வியட்நாமில் எதிர்பார்ப்பார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் கட்டாயமில்லை. சீனாவில் வழக்கமே இல்லை. தாய்லாந்து நோட்டில் மன்னர் படம் இருக்கிறது, காற்றில் நோட்டு கீழே விழுந்தால் பறக்காமல் இருக்கக் காலால் மிதித்துப் பிடிக்காதீர்கள், அது அங்கே மிகப் பெரிய அவமரியாதை. குனிந்து கையால் எடுங்கள்.

10. அன்று இரவும் மறுநாளும்

ஓட்டலில் முதல் வேலை, குளியலறையில் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுவது. எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடந்து வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. தைலத்தின் குளிர்ச்சி கொஞ்ச நேரம் இருக்கும், காலைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். டாக்டர் அனுமதியோடு போன சர்க்கரைக்காரர்கள், உள்ளங்காலைக் கூட வந்தவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது போன் கேமராவில் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், கீறல் எதுவும் அன்றே தெரிந்துவிட வேண்டும்.

மறுநாள் காலையில் கெண்டைக்கால் கொஞ்சம் பிடித்திருக்கும், சோளிங்கர் பெரிய மலை ஏறி இறங்கிய அடுத்த நாள் போல. ஓரிரு நாளில் போய்விடும். நடந்தாலே தளரும், மாத்திரை தேவைப்படாது. அங்கங்கே நீலம் பாரித்திருந்தால் அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று பொருள், அடுத்த முறை ஆரம்பத்திலேயே மெல்ல என்று சொல்லிவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிக்கொண்டே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ குழுவுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பயணக் காப்பீட்டுத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு.

நன்றாக இருந்தது, இன்னொரு முறை போகலாம் என்று தோன்றினால் நடுவில் ஒரு நாளாவது விடுங்கள். முடிந்தால் அதே கடைக்கு, அதே ஆளிடமே போங்கள். உங்கள் கால் அவர் கைக்குப் பழகியிருக்கும், முதல் ஐந்து நிமிடச் சைகை பேச்சும் மிச்சம். கடையில் பணிபுரிபவர்களுக்கு நம்பர் உண்டு, சட்டையில் குத்தியிருப்பார்கள், கிளம்பும் முன் அதைப் போனில் குறித்துக்கொண்டு வாருங்கள்.